சாரம் யார் பொறுப்பு?

ஓய்வு பெற்ற பொறியாளனைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடுதான் வருவார்கள். "இப்ப சதுர அடி என்ன ரேட் போகுது?" என்பது ஒன்று. "நல்ல கொத்தனார் யாரும் உண்டுமா?" என்பது இன்னொன்று. 2023-ம் வருடம் வைகாசியில் எங்கள் தெரு டீச்சர் வந்தது இந்த இரண்டுக்கும் அல்ல. கையில் பதினான்கு பக்கம் ஆங்கிலத்தில் அடித்த தாள் வைத்திருந்தார்.

டீச்சர் முப்பது வருடத்துக்கு மேல் நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். ஓய்வின்போது வந்த பணத்தை வைத்து, பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு குளத்துக்குக் கீழ்ப்புறம் வாங்கிப் போட்டிருந்த மனையில் சின்னதாக ஒரு வீடு கட்ட நினைத்தார். கொத்தனாரும் பேசி முடித்தாயிற்று. அவர் எனக்கும் பழக்கமானவர்தான். நான் பொதுப்பணித்துறையில் இருந்த காலத்தில் எங்கள் வேலைகள் பலவற்றில் கொத்து வேலை பார்த்தவர். பிறகு சொந்தமாக வீடுகள் எடுத்துக் கட்டத் தொடங்கிவிட்டார்.

பெங்களூரில் இருக்கும் தம்பி மகன், "அத்தை, அக்ரிமென்ட் போடாம ஒரு ரூபாய் கொடுக்காதீங்க" என்று சொல்லி, எங்கிருந்தோ ஒரு மாதிரி ஒப்பந்தத்தை எடுத்துப் பெயர்களை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறான். பையன் சொன்னது நியாயமான பேச்சு. ஆனால் கொத்தனார் அந்தத் தாளைக் கையில் வாங்கிப் புரட்டிவிட்டு, "டீச்சர், இதுல என்ன எழுதியிருக்குன்னு சார்ட்ட கேட்டுட்டு வந்து கையெழுத்துப் போடுதேன்" என்று சொல்லிவிட்டாராம்.

"நீங்க படிச்சு அவருக்கு வழக்கமானதுதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும் அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

'வழக்கமானதுதான்.' அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு காரியம் ஞாபகத்துக்கு வந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1983-ல் நான் பிரிவு அலுவலகத்தில் இளம் பொறியாளன். ஒரு குளத்து மதகைச் சீர்செய்யும் சின்ன வேலை. எடுத்தவர் ஒரு மேஸ்திரி. என் அப்பா வயது இருக்கும். வேலையில் கெட்டி. கையெழுத்துப் போடுவார், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். ஒப்பந்தம் முழுவதும் ஆங்கிலம். 1956-லேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் வந்துவிட்டது என்றாலும் எங்கள் ஒப்பந்தப் படிவங்கள் வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலத்தில்தான் இருந்தன.

"இதுல என்ன சார் போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"வழக்கமானதுதான் மேஸ்திரி. போடுங்க" என்றேன்.

வேலை ஒழுங்காக முடிந்தது. பில் போட்டபோது அதிலிருந்து ஒரு தொகை குறைந்திருந்தது. ஏன் என்று கேட்டார். "அது பிடித்தம்" என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

கட்டுமான ஒப்பந்தங்கள் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதியை நிறுத்திவைப்பார்கள். முடித்த வேலையில் குறை ஏதும் தலைகாட்டுகிறதா என்று குறிப்பிட்ட காலம் பார்த்துவிட்டு அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பார்கள். ஆங்கிலத்தில் ரிட்டென்ஷன் மணி. அது ஒப்பந்தக்காரரின் சொந்தப் பணம், கொஞ்ச நாள் கழித்து வருவது, அவ்வளவுதான். நான் அதற்கு வாயில் வந்த தமிழைச் சொன்னேன். சம்பளத்தில் வருமானவரி பிடித்தம் என்கிறோம். கடையில் எடைப் பிடித்தம் என்கிறோம். பிடித்தது திரும்பி வரும் என்று நம் ஊரில் யார் நினைப்பார்கள்? அவரும் நினைக்கவில்லை. பணம் கேட்டு அலுவலகத்துக்கு வரவேயில்லை. எனக்கும் இடையில் மாறுதல் வந்துவிட்டது.

அரசுக் கணக்கில் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத்தொகை சில ஆண்டுகள் போனால் காலாவதி என்று அரசு வரவில் சேர்ந்துவிடும். அதைத் திரும்ப வாங்க வேண்டுமானால் தனியாக எழுதிக் கேட்டு அனுமதி பெற வேண்டும். பல வருடம் கழித்து அதே பகுதிக்கு வேறு பதவியில் வந்தபோது பழைய பட்டியல் ஒன்றில் அந்த மேஸ்திரியின் பெயரைப் பார்த்தேன். ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். அன்றைக்கு அவருக்கு அது மூன்று நான்கு மாத வீட்டுச் செலவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவர் ஊருக்குப் போனேன். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மகன் கேரளாவுக்கு வேலைக்குப் போயிருந்தான். வீட்டில் இருந்த அம்மாவிடம் விண்ணப்பம் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். வாரிசுச் சான்றிதழ், அது இது என்று இழுத்து, கடைசியில் பணம் அவர்கள் கைக்குப் போனது. ஆனால் அந்த மனுஷன், அரசாங்கம் தன் காசைப் பிடித்துக்கொண்டது என்ற நினைப்போடேதான் போய்ச்சேர்ந்தார். படிவத்திலும் சட்டத்திலும் கோளாறு எதுவும் கிடையாது. நான் சொன்ன ஒரு சொல்தான் கோளாறு.

அதனால் டீச்சரிடம், "நான் இதைத் தமிழில் எழுதித் தருகிறேன். ரெண்டு பேரும் உட்கார்ந்து வரி வரியாப் படிப்போம். அதுக்குப் பிறகு கையெழுத்து" என்றேன்.

தாளைப் புரட்டியதுமே எங்கிருந்து எடுத்தது என்று தெரிந்துவிட்டது. ஃபிடிக் என்று சொல்வார்கள், ஆலோசனைப் பொறியாளர்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு. அவர்கள் 1957-ல் முதலில் வெளியிட்ட மாதிரி ஒப்பந்தத்துக்கு அட்டை நிறத்தை வைத்துச் சிவப்புப் புத்தகம் என்று பெயர். அணை, துறைமுகம், நெடுஞ்சாலை போன்ற பெரிய வேலைகளுக்கு உலகம் முழுக்கப் புழங்குவது. அதைத்தான் யாரோ வெட்டி ஒட்டி ஆயிரத்துச் சொச்சம் சதுர அடி வீட்டுக்குப் பொருத்தியிருந்தார்கள். யானைக்குத் தைத்த சட்டையை ஆட்டுக்குட்டிக்குப் போட்ட மாதிரி.

நான்கு நாள் உட்கார்ந்தேன். தமிழ் வளர்ச்சித் துறையின் ஆட்சிச் சொல்லகராதி பக்கத்தில் இருந்தது. முதல் பக்கத்திலேயே சிக்கிக்கொண்டேன்.

ஒப்பந்தத்தில் மூன்று பேர். எம்ப்ளாயர், கான்ட்ராக்டர், எஞ்சினியர். எம்ப்ளாயர் என்பதற்கு அகராதியைப் பார்த்து 'வேலையளிப்பவர்' என்று எழுதி, பேச்சில் 'முதலாளி' என்று விளக்கினேன். கொத்தனார் முகம் மாறிவிட்டது.

"டீச்சர் எனக்கு முதலாளியா சார்? அப்ப நான் அவங்ககிட்ட கூலிக்கு நிக்கேனா? பத்துப் பேருக்கு நான் சம்பளம் கொடுக்கேன்."

அவர் கேட்டது சரி. தினக்கூலிக்கு ஆள் வைப்பது வேறு, ஒரு வேலையை முடித்துத் தரச் சொல்லி ஒப்படைப்பது வேறு. முதலாவதில் எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் வேலை கொடுப்பவருக்கு உண்டு. இரண்டாவதில் என்ன வேண்டும் என்று சொல்லலாம், எப்படிச் செய்வது என்பது செய்கிறவர் பாடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் எம்ப்ளாயர் என்று போட்டுவிடுகிறார்கள். தமிழில் முதலாளி என்று போட்டால் பக்கத்தில் தொழிலாளி தானாக வந்து நின்றுகொள்கிறார்.

பத்திரம் எழுதுகிறவர்களைப் போல முதல் பார்ட்டி, இரண்டாம் பார்ட்டி என்று போடலாமா என்று பார்த்தேன். ஒன்பதாம் பக்கத்துக்குப் போகும்போது யார் முதல், யார் இரண்டு என்று எனக்கே திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. 'ஒப்பந்ததாரர்' என்பது அலுவலகத்தில் நிலைத்துவிட்ட சொல்தான். ஆனால் யோசித்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் இருவருமே ஒப்பந்ததாரர்கள்தானே? கடைசியில் 'வீட்டு உரிமையாளர்', 'கட்டித்தருபவர்' என்று எழுதினேன். யார் எதைச் செய்ய வேண்டும் என்பது பெயரிலேயே இருந்தது. இருவருக்கும் பிடித்துப்போயிற்று. மூன்றாமவர் நான். சம்பளம் இல்லாத எஞ்சினியர். 'அளந்து சொல்பவர்' என்று போட்டுக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுத் திண்ணையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். காப்பி வந்தது. நான் வாசிக்க, அவர்கள் கேட்டார்கள். காலக்கெடுப் பிரிவுக்கு வந்தேன். டைம் இஸ் தி எஸென்ஸ் ஆஃப் தி கான்ட்ராக்ட் என்று ஆங்கிலத்தில் ஒரு வாசகம் உண்டு. 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவோடு தொடர்புடையது. சொன்ன நாளில் முடிப்பது இந்த ஒப்பந்தத்துக்கு உயிர் போன்றது, தவறினால் மற்றவர் ஒப்பந்தத்தையே முறிக்கலாம் என்று அர்த்தம். நான் மிடுக்காக மொழிபெயர்த்திருந்தேன்: "காலமே இவ்வொப்பந்தத்தின் சாரம் ஆகும்."

கொத்தனார் நிமிர்ந்தார். "நல்லவேளை சார், நானே கேக்கணும்னு இருந்தேன். சாரம் யார் பொறுப்பு? கம்பு, கயிறு, பலகை வாடகையெல்லாம் என் கணக்கா, டீச்சர் கணக்கா?"

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு சிரித்த சிரிப்பில் காப்பி புரையேறிவிட்டது. டீச்சர் தமிழாசிரியை. அவருக்குச் சாரம் என்றால் பாடத்தின் சாரம். கொத்தனாருக்குச் சாரம் என்றால் சுவரை ஒட்டிக் கட்டுகிற சாரம். அவர் வாழ்நாளெல்லாம் ஏறி நின்ற சாரம். நாற்பது வருடம் கட்டடங்களோடு கிடந்த எனக்கு அது தோன்றாமல் போய்விட்டது.

சிரித்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அவர் கேட்டதற்குப் பதில் அந்தப் பதினான்கு பக்கத்தில் எங்கேயும் இல்லை. சாரக் கம்பு, செண்டரிங் தகடு, தண்ணீர், கரன்ட், இவை யார் செலவு என்று சிவப்புப் புத்தகத்துச் சட்டையில் பை வைக்கவில்லை. நம் ஊரில் பாதிச் சண்டை அங்கேதான் தொடங்கும். வாசகத்தை மாற்றினேன்: "2024 மார்ச் 31-க்குள் வேலையை முடித்துச் சாவியைக் கொடுக்க வேண்டும்." அதற்குக் கீழே புதிதாக ஒரு பத்தி: "சாரம், செண்டரிங் கட்டித்தருபவர் செலவு. தண்ணீர், கரன்ட் உரிமையாளர் செலவு."

அதற்குப் பிறகு என் மொழிபெயர்ப்பு முறையே மாறிவிட்டது. ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே தமிழ்ச் சொல்லை நிறுத்துவதை விட்டுவிட்டு, அந்தச் சொல்லால் யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது என்ன போகிறது என்று கேட்டேன். பதிலை அப்படியே எழுதினேன். சில உதாரணங்கள் சொல்கிறேன், வீடு கட்டப்போகும் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு உதவும்.

தாமதத்துக்கான தொகை. ஆங்கிலத்தில் லிக்விடேட்டட் டேமேஜஸ். அலுவலகத்தில் நாங்கள் பெனால்ட்டி என்றே பேசிப் பழகிவிட்டோம். தமிழில் தண்டத்தொகை. "தண்டம் கட்ட நான் என்ன தப்புப் பண்ணுனேன்?" என்று கொத்தனார் கேட்டார். நம் சட்டத்தின் 74-வது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் அதைத் தாண்டாமல் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கேட்க முடியும். தண்டிப்பதற்கானது அல்ல அது. சரி, வீடு தாமதமானால் டீச்சருக்கு என்ன இழப்பு என்று கணக்குப் பார்த்தோம். அவர் இருக்கும் வீட்டுக்கு மாதம் 8,000 ரூபாய் வாடகை. ஆக, வாரத்துக்கு 2,000. "வாடகை ஈடு: தாமதமாகும் ஒவ்வொரு வாரத்துக்கும் 2,000 ரூபாய், மொத்தம் 20,000-ஐத் தாண்டாது" என்று எழுதினோம். பெயரைக் கேட்டதுமே கொத்தனார், "அது நியாயம், போடுங்க" என்றார்.

சதுர அடி. இது தமிழா ஆங்கிலமா என்று யாருமே யோசிக்காத சொல். ஆனால் எந்தச் சதுர அடி? உள்ளே புழங்கும் இடமா, சுவரையும் சேர்த்தா, பால்கனி சேருமா, சன்ஷேடு சேருமா? இந்திய தர நிர்ணய அமைப்பு இதற்கென்றே ஐ.எஸ். 3861 என்று ஒரு தரநிலை வைத்திருக்கிறது. கொத்தனார் பேசுவது சதுரத்தில். ஒரு சதுரம் என்றால் நூறு சதுர அடி. "பன்னெண்டு சதுரத்துக்குக் கொஞ்சம் குறைய" என்று அவர் சொன்னதில் வெளிச்சுவரின் கனமும் சேர்ந்திருந்தது. டீச்சர் மனதில் இருந்ததில் சேரவில்லை. பேசி, "வெளிச்சுவரின் வெளிப்பக்கம் வரை அளப்பது" என்று முடிவாகி, 1,180 சதுர அடி, சதுர அடிக்கு 2,100 ரூபாய், மொத்தம் 24,78,000 என்று எழுதினோம். சம்ப்பும் செப்டிக் டேங்கும் தனிக் கணக்கு.

நிறுத்திவைக்கும் தொகை. இதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. பிடித்தம் என்ற சொல்லே அந்தத் தாளில் எங்கும் வரக்கூடாது என்று இருந்தேன். "ஒவ்வொரு தவணையிலும் நூற்றுக்கு ஐந்து ரூபாயை உரிமையாளர் நிறுத்திவைத்திருப்பார். இது கட்டித்தருபவரின் பணம். பாதியைச் சாவி வாங்கும் நாளிலும், மீதியை அதிலிருந்து ஒரு வருடம் முடியும் நாளிலும், கேட்காமலே கொடுக்க வேண்டும்." 'கேட்காமலே' என்பது எந்த ஆங்கிலப் படிவத்திலும் இல்லாதது. அந்த மேஸ்திரிக்காக நான் சேர்த்தது.

இயற்கைச் சீற்றம். ஆங்கிலத்தாளில் போர், கலகம், புரட்சி, பூகம்பம் என்று பெரிய பட்டியல். "யுத்தம் வந்தா வரட்டும் சார். ஐப்பசி கார்த்திகை மழைக்கு என்ன சொல்லுதிய?" என்றார் கொத்தனார். வருடா வருடம் வருகிற மழையை எதிர்பாராதது என்று எப்படிச் சொல்வது? வழக்கமான மழை நாள்களைக் கெடுவுக்குள்ளேயே கணக்கில் எடுத்தாயிற்று என்றும், வெள்ளம் வந்து சைட்டுக்குப் போக்குவரத்து அற்றுப்போனால் அத்தனை நாள் கெடு தள்ளிப்போகும் என்றும் எழுதினோம்.

கடைசியாக ஒரு வரி. ஃபிடிக் ஒப்பந்தங்களில், இரண்டு மொழிகளில் பிரதி இருந்தால் எந்த மொழிப் பிரதி செல்லும் என்பதைக் குறிப்பிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. டீச்சர் தயங்கவில்லை. "தமிழ்ப் பிரதியே செல்லும்" என்று தன் கையாலேயே எழுதினார். பதினான்கு பக்கம் ஐந்து பக்கமாகியிருந்தது. கொத்தனார் ஐந்தையும் தானே ஒரு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

இத்தோடு முடித்தால் நான் கெட்டிக்காரன் என்று ஆகிவிடும். அப்படி இல்லை.

அந்த வருடம் டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்துக்காரர்கள் யாரும் மறக்கமாட்டோம். மார்கழி பிறந்த அன்றைக்குத் தொடங்கிய மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி இரண்டு கரையும் தெரியாமல் போயிற்று. கொத்தனாரும் நானும் டீச்சரின் சைட்டுக்குப் போக ஐந்து நாளாயிற்று. குளத்து மறுகால் தண்ணீர் மனைக்குள் புகுந்து, முழங்கால் உயரம் நின்றுவிட்டு வடிந்திருந்தது. கான்கிரீட் போட்ட கட்டடத்துக்குச் சேதம் இல்லை. பூச்சு வேலைக்காக முன்னறையில் அடுக்கியிருந்த 60 மூட்டை சிமென்ட் மட்டும் கல்லாகிக் கிடந்தது. மூட்டை 380 ரூபாய். 22,800 ரூபாய்.

கெடு தள்ளிப்போவதில் பிரச்சினை இல்லை, எழுதியிருந்தது. சிமென்ட் யார் நஷ்டம்?

தாளை எடுத்துப் பார்த்தேன். "சைட்டில் இறக்கிய பொருள்களுக்குக் கட்டித்தருபவரே பொறுப்பு." நான் எழுதிய வரி.

"பொறுப்புன்னு தெளிவா இருக்கே அண்ணாச்சி" என்றார் டீச்சர்.

"பொறுப்புன்னா களவு போகாமப் பாத்துக்கிடணும், நனையாம மூடி வைக்கணும். அதைச் செஞ்சேன் சார். தார்ப்பாய் போட்டு, பலகை மேலதான் அடுக்கியிருந்தேன். குளமே வீட்டுக்குள்ள வந்தா நான் என்ன செய்ய? டீச்சர் கொடுத்த அட்வான்ஸ்ல வாங்குன சிமென்ட் அது" என்றார் கொத்தனார்.

இருவர் சொன்னதும் அந்தச் சொல்லுக்குள் இருந்தது. பொறுப்பு என்றால் பார்த்துக்கொள்வது. பொறுப்பு என்றால் நஷ்டத்தை ஏற்பது. ஆங்கில ஒப்பந்தத்தில் பாதுகாப்பது ஒரு விஷயம், இடர் யாருடையது என்பது இன்னொரு விஷயம் என்று இரண்டையும் பிரித்துத்தான் எழுதியிருந்தார்கள். பக்கத்தைக் குறைக்கும் உற்சாகத்தில் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டவன் நான். வைகாசியில் சாரத்தைக் கேட்டுச் சிரித்தேனே, அன்றைக்கே கொத்தனார் "சாரம் யார் பொறுப்பு?" என்றுதான் கேட்டார். சாரத்தைத் திருத்திவிட்டுப் பொறுப்பைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. சைட்டில் வேலை நின்றது. எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் இருவரையும் அதே திண்ணைக்கு வரச்சொன்னேன்.

"தப்பு என் எழுத்துல. நஷ்டத்தை மூணாப் பிரிப்போம். ஒரு பங்கு என்னுது" என்றேன்.

கொத்தனார் எழுந்துவிட்டார். "உங்க காசை வாங்கிட்டு நான் அந்தச் சுவத்தைப் பூசமாட்டேன் சார்."

டீச்சர் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பிள்ளைக தப்பா எழுதினா சிவப்பு மையில திருத்துவோம் அண்ணாச்சி, ஃபைன் போடமாட்டோம். நீங்க திருத்தி எழுதுங்க. சிமென்டை நானும் அவரும் பாதிப் பாதி போட்டுக்கிடுதோம்" என்றார். ஆளுக்கு 11,400. கொத்தனார் சரி என்றார்.

துறையில் எம்-புக் என்று அளவுப் புத்தகம் வைத்திருப்போம். அதில் எழுதியதை அழிக்கக் கூடாது. தவறானால் பழைய எண் தெரிகிற மாதிரி குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, கையெழுத்து வைக்க வேண்டும். அதே மாதிரி அந்த வரியின் குறுக்கே கோடு போட்டேன். மேலே எழுதினேன்: "பொருள்களைப் பாதுகாப்பது கட்டித்தருபவர் வேலை. கவனக்குறைவால் வரும் நஷ்டம் அவருடையது. வெள்ளத்தால் வரும் நஷ்டம் இருவருக்கும் பாதி." மூவரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டோம்.

2024 மே மாதம் வீட்டில் பால் காய்ச்சினார்கள். தள்ளிப்போன கெடுவுக்குள்தான் முடிந்தது, வாடகை ஈட்டுக்கு வேலை வரவில்லை. சாவியை வாங்கிய கையோடு டீச்சர் நிறுத்திவைத்த பணத்தில் பாதியைக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு வருடத்தில் கொத்தனார் இரண்டு முறை வந்து, மாடிப்படிக்குக் கீழே விழுந்த வெடிப்பு ஒன்றையும், குளியலறையில் ஒரு ஓதத்தையும் சரிசெய்து கொடுத்தார்.

2025 மே மாதம், வருடம் முடிந்த அன்று காலை, டீச்சர் என்னையும் அழைத்துக்கொண்டு கொத்தனார் வீட்டுக்குப் போனார். கவரில் 61,950 ரூபாய். கொத்தனார் அப்போதுதான் சைட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நானே மறந்துட்டேன் டீச்சர்" என்றார். அவர் மறந்திருக்கமாட்டார், மரியாதைக்குச் சொன்னது. கவரை வாங்கி மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மா சுவாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு வந்து எங்களுக்கு மோர் கொடுத்தார்.

திரும்பும்போது கொத்தனார் வாசல் வரை வந்தார். "சார், அந்தத் தாளை நாலு ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். அடுத்த வேலைக்கும் அதையேதான் போடப்போறேன். ஆனா அந்தக் கோடு போட்டுத் திருத்துன எடம் ஜெராக்ஸ்ல சரியா விழல. அதை மட்டும் புதுசா எழுதித் தாரியளா?"

அன்று மாலையே உட்கார்ந்து ஐந்து பக்கத்தையும் புதிதாக எழுதினேன். பொறுப்பு என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது என்று தேடிப் பார்த்தேன். இன்னும் மூன்று இடத்தில் இருந்தது.